பழைய கேஸ் கிரில்லைப் புதுப்பிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் கோடை தொடங்கும்போது, வீட்டுக்கு வெளியே வைத்து உணவு வாட்டும் பழைய கிரில் அடுப்புகள் தெருவோரத்துக்கு வரும். குப்பை வண்டி வருவதற்கு முந்தைய மாலையில் ஒரு சுற்று நடந்து வந்தால், துருப்பிடித்த கால்களோடு ஒன்றாவது நின்றுகொண்டிருக்கும். என் முதல் கிரில் அப்படிக் கிடைத்ததுதான். சிவப்பு மூடி போட்ட பழைய ஜெனிசிஸ், வெபர் என்ற நிறுவனத்தின் மாடல். மூடியைத் திறந்தால் உள்ளே அணில் கூடு. அதைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது ஒரு சக்கரம் வழியிலேயே கழன்று விழுந்தது. அது இன்றைக்கும் எங்கள் வீட்டுப் பின்புறத்தில் எரிகிறது. அதற்கப்புறம் பல கிரில்களைப் பிரித்து மாட்டியிருக்கிறேன். சிலவற்றை வைத்துக்கொண்டேன், சிலவற்றை நண்பர்களுக்குக் கொடுத்தேன். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளும் என் பதில்களும் இங்கே.

கேஸ் கிரில் எப்போது வந்தது? எவ்வளவு பழசானால் "பழைய கிரில்"?

கரி கிரில்தான் முதலில். சிகாகோவில் வெபர் பிரதர்ஸ் மெட்டல் ஒர்க்ஸில் வேலை பார்த்த ஜார்ஜ் ஸ்டீவன், 1952-ல் கடலில் மிதக்கவிடும் உலோக மிதவையை இரண்டாக வெட்டி, கீழ்ப்பாதியை அடுப்பாகவும் மேல்பாதியை மூடியாகவும் ஆக்கினார். உருண்டையான கெட்டில் கிரில் பிறந்தது அப்படித்தான்.

கேஸ் கிரில்லின் கதை வேறு. அதை முன்னுக்குத் தள்ளியவர்கள் கேஸ் விற்றவர்களும் கேஸ் விளக்கு செய்தவர்களும். ஆர்கன்சாஸில் ஆர்க்லா என்ற எரிவாயு நிறுவனம், இல்லினாயில் சார்ம்குளோ என்ற பெயரில் தோட்டத்து கேஸ் விளக்குகள் செய்துகொண்டிருந்த நிறுவனம், இரண்டும் 1960-களில் கிரில்லையும் விற்றன. அந்தக் காலத்துக் கிரில்லுக்குப் பெரும்பாலும் சக்கரம் கிடையாது. விளக்குக் கம்பம் போல ஒரு கம்பம், அதன் தலையில் அலுமினியப் பெட்டி. வீட்டு எரிவாயுக் குழாய் மண்ணுக்கடியில் வந்து கம்பத்துக்குள் ஏறும். பழைய வீடுகளின் பின்புறத்தில் அந்தக் கம்பம் மட்டும் மொட்டையாக நிற்பதை இன்றும் பார்க்கலாம்.

இத்தனை வருஷம் ஆனால்தான் பழசு என்று விதி எதுவும் இல்லை. நான் 2000-க்கு முந்தையதையெல்லாம் பழசு என்று எடுத்துக்கொள்கிறேன்.

எல்லோரும் ஏன் ஜெனிசிஸையே தேடுகிறார்கள்?

வெபர் 1985-ல் ஜெனிசிஸைக் கொண்டுவந்தபோது இரண்டு விஷயங்களை மாற்றியது. அதுவரை கேஸ் கிரில் என்றால் பர்னருக்கு மேலே ஒரு தட்டு, அதில் எரிமலைக் கல். கொழுப்பு அந்தக் கல்லில் சொட்டி ஊறும். ஒருநாள் மொத்தமும் குப்பென்று பற்றும். ஜெனிசிஸில் கல் கிடையாது. கூரை மடிப்பு போல வளைத்த உலோகப் பட்டைகள் பர்னர்களை மூடியிருக்கும். சொட்டுகிற கொழுப்பின் ஒரு பகுதி பட்டையில் பட்டுப் புகையாகி உணவுக்கு மணம் தரும். மீதி இரண்டு பக்கமும் வழிந்து கீழே உள்ள தட்டுக்குப் போய்விடும். அதனால் திடீர்த் தீ குறைவு. ஃபிளேவரைசர் பட்டை என்பது அவர்கள் வைத்த பெயர். பழைய மாடலில் 13 பட்டைகள் இரண்டு அடுக்காக இருக்கும்.

இரண்டாவது, பர்னர்கள் இடமிருந்து வலமாகப் படுத்திருக்கும்: முன், நடு, பின் என மூன்று. தீயைக் கூட்டிக் குறைக்கும் நாப் மூன்றும் வலது பக்க மேசையில். நடு பர்னரை அணைத்துவிட்டு முன்னும் பின்னும் எரியவிட்டால், நடுவில் நீளமான ஓர் இடம் கிடைக்கும். ஒரு முழுக் கோழியைக் கருக்காமல் வேகவைக்க இதைவிட வசதியான அமைப்பை நான் பார்க்கவில்லை. 2011-ல் நாப்கள் முன்பக்கம் வந்தன, பர்னர்களும் திசை மாறின. பழசைத் தேடுகிறவர்கள் பலர் அந்தக் குறுக்குப் பர்னருக்காகத்தான் தேடுகிறார்கள்.

இதையெல்லாம் விடப் பெரிய காரணம் உடம்பு. அடிப்பெட்டி தடித்த வார்ப்பு அலுமினியம். மூடியின் இரு கன்னங்களும் அதேதான். நடுவில் மட்டும் பீங்கான் பூசிய எஃகுத் தகடு. அலுமினியம் துருப்பிடிக்காது. முப்பது வருஷம் மழையில் நின்ற பெட்டியைச் சுரண்டிப் பார்த்தால் உள்ளே உலோகம் அப்படியே இருக்கும். பர்னர், பட்டை, உணவை வைக்கும் கம்பித் தட்டு மாதிரி தேய்கிற பாகங்கள் இன்றைக்கும் புதிதாகக் கிடைக்கின்றன. பெட்டியும் மூடியும் நன்றாக இருந்தால் மற்ற எல்லாவற்றையும் அதைச் சுற்றிக் கட்டிவிடலாம். இந்த வேலையின் அடிப்படையே இதுதான்.

வேறு எதை எடுக்கலாம்?

பிராயில்மாஸ்டர் என்ற பிராண்ட் கிரில் கிடைத்தால் விடாதீர்கள். கனத்த அலுமினியப் பெட்டி, பௌ டை வடிவத்தில் ஒற்றைப் பர்னர், பாகங்களும் கிடைக்கும். பழைய சார்ம்குளோ, ஆர்க்லா போன்ற கம்பத்துக் கிரில்கள் சேகரிப்புக்கு அழகு. ஆனால் பர்னரும் வால்வும் தேடி அலைய வேண்டிவரும். மெல்லிய தகரத்தில் செய்த பெயர் தெரியாத கிரில்லை மட்டும் வேண்டாம் என்பேன். அதன் பெட்டியே ஓட்டையாகும், புதுப்பிக்க ஒன்றும் மிஞ்சாது.

தெருவில் ஒன்றைப் பார்த்தேன். எடுக்கலாமா வேண்டாமா?

மூடியைத் திறங்கள். உள்ளே இருக்கும் கோரத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். துருவேறிய கம்பித் தட்டு, உடைந்த பட்டை, அரித்துப்போன பர்னர், எரிந்துபோன ரப்பர் குழாய், உளுத்த மரக்கட்டை: இவை எல்லாமே எப்படியும் மாறப்போகிறவை.

பார்க்க வேண்டியது மூன்று. முதலில் அடிப்பெட்டியில் விரிசல் இருக்கிறதா, எங்காவது உருகி வழிந்திருக்கிறதா என்று பாருங்கள். அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். கொழுப்புத் தீ நீண்ட நேரம் எரிந்தால் பெட்டியின் விளிம்பு மெழுகு போலச் சாய்ந்துவிடும். அப்படி இருந்தால் விட்டுவிடுங்கள். அடுத்து மூடித் தகட்டின் பீங்கான் பூச்சு. அங்கங்கே சில்லு பெயர்ந்திருந்தால் பரவாயில்லை, ஓட்டை விழுந்திருந்தால் வேறு மூடி தேட வேண்டும். மூன்றாவது, பெட்டியைத் தாங்கி நிற்கும் சட்டம். கால்களின் அடிப்பகுதியிலும், அடிப்பெட்டி சட்டத்தோடு சேரும் இடத்திலும் திருப்புளியால் அழுத்திப் பாருங்கள். உள்ளே போனால் துரு தின்றுவிட்டது. வெல்டிங் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் அதையும் சரி செய்யலாம். இல்லையென்றால் இன்னொரு பழைய கிரில்லின் சட்டத்துக்குக் காத்திருக்கலாம். நான் இரண்டு கிரில்லை ஒன்றாக்கியது நான்கு தடவையாவது இருக்கும்.

பணம் கொடுத்து வாங்குவதென்றால் எரிய வைத்துக் காட்டச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். பழைய குழாயில் கேஸ் விட்டுப் பார்ப்பது ஆபத்து. எரியவில்லை என்றே கணக்குப் போட்டு விலை பேசுங்கள்.

மூடியின் உள்ளே பெயிண்ட் உரிந்து சாப்பாட்டில் விழுகிறதே?

அது பெயிண்ட் இல்லை. மூடிக்கு உள்ளே பெயிண்ட் அடிப்பதே இல்லை. கொழுப்பும் புகையும் பல வருஷம் படிந்து கரியாகி, செதில் செதிலாக உரிகிறது. சூடாக இருக்கும்போது தாமிரக் கம்பிச் சுருளோ கசக்கிய அலுமினியத் தாளோ கொண்டு தேய்த்தால் வந்துவிடும். இந்தச் செதிலைப் பார்த்துப் பயந்து நல்ல கிரில்லைத் தூக்கி எறிந்தவர்களை எனக்குத் தெரியும். அதில் ஒன்றை நான்தான் எடுத்து வந்தேன்.

எப்படிச் சுத்தம் செய்வது? ஓவன் கிளீனர் அடிக்கலாமா?

வேண்டாம். என் இரண்டாவது கிரில்லில் நான் செய்த தவறு இது. ஓவன் கிளீனரில் பெரும்பாலும் காஸ்டிக் சோடா இருக்கும். எஃகின் மேல் அது கொழுப்பை மட்டும் தின்னும். அலுமினியத்தின் மேல் அலுமினியத்தையும் சேர்த்துத் தின்னும். ராத்திரி அடித்து வைத்துவிட்டுக் காலையில் போய்ப் பார்த்தேன். அடிப்பெட்டி முழுக்கச் சாம்பல் நிறத்தில் சொரசொரவென்று, அம்மை வடு போலக் குழி விழுந்து கிடந்தது. தேய்க்கத் தேய்க்கக் கறுப்பாகக் கையில் ஒட்டியது. அந்தப் பெட்டியை மறுபடி பழைய நிலைக்குக் கொண்டுவர முடியவில்லை.

சரியான வழி மெதுவானது. கம்பித் தட்டு, பட்டை, பர்னர் எல்லாவற்றையும் கழற்றி எடுங்கள். பெயிண்டர்கள் பட்டி பார்க்கும் தகட்டால், பிளாஸ்டிக்கில் இருந்தால் இன்னும் நல்லது, கெட்டியான கொழுப்பைச் சுரண்டுங்கள். முதல் அரை மணியில் ஒரு வாளி கரி வரும். அப்புறம் வெந்நீர், பாத்திரம் கழுவும் திரவம், நைலான் பிரஷ். நாலைந்து தடவை கழுவினால் வார்ப்பின் உண்மையான மேற்பரப்பு தெரிய ஆரம்பிக்கும். வெளிப்பக்கம் வெள்ளையாகச் சுண்ணாம்பு பூத்தது போல இருந்தால் அது அலுமினியத்தின் ஆக்சைடு. டிரில்லில் கம்பிக் கிண்ணம் மாட்டித் தேய்த்தால் போய்விடும். கண்ணாடியும் முகமூடியும் கட்டாயம். கழன்று பறக்கும் கம்பி சட்டையைத் துளைத்துக்கொண்டு போகும்.

இன்னொரு எச்சரிக்கை. கார் பிரேக் கிளீனரில் குளோரின் கலந்த வகை உண்டு. அதை அடித்த பாகத்தைச் சூடாக்கினால் நச்சு வாயு வரும். நெருப்பு படப்போகிற பொருளில் அது எந்த நிலையிலும் வேண்டாம்.

போல்ட்டு கழல மாட்டேன் என்கிறது. என்ன செய்ய?

இங்கேதான் பொறுமை வேண்டும். எஃகு போல்ட்டும் அலுமினியப் பெட்டியும் முப்பது வருஷம் ஈரத்தில் ஒட்டிக் கிடந்தால் இரண்டு உலோகத்துக்கும் நடுவே அரிப்பு ஏற்பட்டு, ஒட்டவைத்தது போல இறுகிவிடும். பலத்தைக் காட்டினால் போல்ட்டின் தலை முறிந்து கையோடு வரும். மிச்சம் உள்ளேயே நிற்கும்.

துருவில் ஊடுருவும் எண்ணெயை இன்று மாலை விடுங்கள், நாளை காலை மறுபடி, மாலை மறுபடி. மூன்றாம் நாள், கொழுப்பையும் எண்ணெயையும் நன்றாகத் துடைத்த பிறகு, போல்ட்டைச் சுற்றியுள்ள அலுமினியத்தைச் சின்ன டார்ச்சால் சூடாக்குங்கள். எஃகைவிட அலுமினியம் அதிகம் விரியும், அதனால் பிடி தளரும். ஸ்பேனரை மாட்டி முதலில் முடுக்குகிற திசையில் ஒரு இம்மி அசைத்துப் பாருங்கள், அப்புறம் கழற்றுகிற திசையில். டக் என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டால் வேலை முடிந்தது. கேட்கும்போது வருகிற நிம்மதியைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. தலை முறிந்தே போனால் நடுவில் துளை போட்டு, மரை புதிதாக வெட்டுங்கள். பெட்டியைச் சட்டத்தோடு பிடிக்கும் போல்ட்டுகள் கால் அங்குலம், அங்குலத்துக்கு 20 புரி. திரும்பப் போடும்போது எவர்சில்வர் போல்ட்டு போட்டு, ஒட்டாமல் தடுக்கும் பசையைத் தடவுங்கள். அடுத்து இதைப் பிரிக்கப்போகிறவர் நீங்களாகவே இருக்கலாம்.

பெயிண்ட் அடிக்கலாமா?

அடிப்பெட்டியின் வெளிப்பக்கமும் மூடியின் அலுமினியக் கன்னங்களும் மட்டும். கிரில்லுக்கென்று விற்கும், சூடு தாங்கும் பெயிண்ட். உள்ளே ஒரு சொட்டும் வேண்டாம். பீங்கான் பூசிய பகுதிக்கும் அடிக்காதீர்கள், கழுவி மெழுகு போட்டாலே பழைய சிவப்பு திரும்ப வரும். அந்தச் சிவப்பை எந்த டப்பாப் பெயிண்டாலும் கொண்டுவர முடியாது.

பழைய பாகங்களை எவ்வளவு தூரம் வைத்துக்கொள்ளலாம்?

உடம்பு எவ்வளவு பழசாகவும் இருக்கலாம். கேஸ் போகிற பாதை புதுசாகத்தான் இருக்க வேண்டும். இதில் நான் யாரோடும் சமரசம் செய்துகொள்வதில்லை. "ஒரிஜினல் ரெகுலேட்டர், அப்படியே வைத்திருக்கிறேன்" என்று பெருமையாகச் சொல்கிற சேகரிப்பாளர்களைப் பார்த்திருக்கிறேன். அலமாரியில் வையுங்கள், எரிகிற கிரில்லில் வேண்டாம்.

ரப்பர் குழாயும் ரெகுலேட்டரும் ஒரே தொகுப்பாக வரும். வாங்கி மாட்டுங்கள். சிலிண்டரில் வரும் கேஸ் புரொப்பேன்; அதன் ரெகுலேட்டர் தரும் அழுத்தம் 11 அங்குல நீர்மட்ட அளவு, அதாவது மிகக் குறைந்த அழுத்தம். அதிக அழுத்த ரெகுலேட்டர் பெரிய வாணலி அடுப்புகளுக்கு விற்கிறார்கள். பார்க்க ஒரே மாதிரி இருக்கும், மாற்றி மாட்டிவிடக் கூடாது.

வால்வுத் தொகுப்பு பித்தளை. அது பெரும்பாலும் தாங்கும். நாப் கல் மாதிரி இறுகியிருந்தால் உள்ளே இருந்த கிரீஸ் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். கேஸ் வால்வுக்கான கிரீஸ் போட்டுத் திறந்து மூடத் தெரிந்தவரிடம் கொடுங்கள், அல்லது வேறு தொகுப்பு தேடுங்கள். சமையல் எண்ணெயோ மிஷின் எண்ணெயோ விட வேண்டாம்.

எல்லாம் மாட்டியதும் கசிவுச் சோதனை. பாத்திரத் திரவமும் தண்ணீரும் சரிபாதி கலந்து, நாப்களை மூடிவைத்து, சிலிண்டரைத் திறந்து, ஒவ்வொரு இணைப்பிலும் பிரஷ்ஷால் தடவுங்கள். குமிழ் வளர்ந்தால் கசிகிறது. தீக்குச்சி காட்டிச் சோதிக்கிற பழக்கம் எங்கள் ஊரில் பார்த்திருக்கிறேன். இங்கும் எங்கும் அது கூடாது.

நாப் இருக்கும் பக்கத்தில் தீ வருகிறது. ஏன்?

உடனே சிலிண்டரை மூடுங்கள். பெரும்பாலும் காரணம் சிலந்தி.

பர்னரின் ஒரு முனை வால்வின் மூக்கின் மேல் சும்மா சொருகியிருக்கும். அந்த இடத்தில்தான் கேஸோடு காற்று கலக்கிறது. குளிர்காலம் முழுக்க எரியாமல் கிடந்த குழாய்க்குள் சிலந்தி நூல் கட்டி முட்டையிடும். கேஸ் உள்ளே போக வழியில்லாமல், திரும்பி வெளியே வந்து நாப்புக்குக் கீழே பற்றும். புரொப்பேனில் கலக்கும் வாடையும் எரிபொருள் வாசமும் சிலந்திகளை ஈர்க்கும் என்கிறார்கள். மஞ்சள் பை சிலந்தி என்ற ஒரு வகை கார்களின் பெட்ரோல் ஆவிக் குழாயில் கூடு கட்டியதால் மாஸ்டா நிறுவனம் 2011-ல் அமெரிக்காவில் கார்களையே திரும்ப அழைத்தது.

எனக்கு இது ஒரு ஏப்ரலில் நடந்தது. பர்னரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். குழாயின் வளைவில் ஒரு பஞ்சு உருண்டை, கொண்டைக்கடலை அளவு. அவ்வளவுதான். அதற்குள் நாப்பின் பிளாஸ்டிக் உருகி ஒருபக்கம் சப்பையாகியிருந்தது. அப்போதிலிருந்து வசந்தம் வந்ததும் முதல் வேலை, மூன்று பர்னரிலும் பாட்டில் கழுவும் பிரஷ்ஷை விட்டு எடுப்பது. குழாய் வாயில் சிலந்தி நுழையாமல் தடுக்கும் கம்பி வலை இருந்தால் அதையும் கழற்றாமல் சுத்தமாக வையுங்கள். பர்னரைத் திரும்ப மாட்டும்போது வால்வு மூக்கு குழாய்க்குள் நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். பக்கவாட்டில் நின்றாலும் இதே தீ வரும்.

பழைய சிலிண்டர் கூடவே வந்தது. நிரப்பிக் கொள்ளலாமா?

வால்வுக் கைப்பிடியின் வடிவத்தைப் பாருங்கள். மூன்று மூலை கொண்ட முக்கோணம் போல இருந்தால், அளவுக்கு மேல் நிரம்பாமல் தடுக்கும் மிதவை உள்ளே இருக்கிறது. 80 சதவீதம் நிரம்பியதும் அது அடைத்துவிடும். வட்டமாகவோ பூ போலவோ இருந்தால் பழைய வகை. 20 பவுண்டு கிரில் சிலிண்டரில் அந்த மிதவை இல்லாவிட்டால் 2002-லிருந்து யாரும் நிரப்பித் தர மாட்டார்கள். நிரப்புமிடத்தில் ஒப்படைத்துவிட்டு வேறு வாங்குங்கள். குப்பையில் போடாதீர்கள்.

பழைய இணைப்பு சிலிண்டரின் வாய்க்கு உள்ளே போய் இடப்பக்கம் திருகும், ஸ்பேனர் வேண்டும். இப்போதையது வெளிப்பக்கம் கையால் திருகும் பிளாஸ்டிக் நட்டு. அதிகச் சூடு பட்டால் அந்த நட்டு இளகி கேஸை அடைத்துவிடும். இதற்காகவே மாற்றலாம்.

ஜெனிசிஸில் சிலிண்டரைத் தொங்கவிட ஒரு தராசு உண்டு. மீதி எவ்வளவு கேஸ் என்று முள் காட்டும். அது வேலை செய்தால் கழற்றிவிடாதீர்கள், அருமையான ஏற்பாடு.

எல்லாம் புதுசு. ஆனால் சூடே ஏறவில்லை?

பத்தில் எட்டுப் பேர் கேட்பது இது. கிரில்லில் தப்பே இல்லை. புதிய இணைப்பில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது: கேஸ் திடீரென்று வேகமாகப் பாய்ந்தால், குழாய் அறுந்துவிட்டது என்று நினைத்து ஓட்டத்தை நெரித்துவிடும். நாப் திறந்திருக்கும்போது சிலிண்டரைத் திறந்தாலோ, சிலிண்டரை ஒரே திருகில் திறந்தாலோ இது நடக்கும். எல்லா நாப்பையும் மூடி, சிலிண்டரை மூடி, இணைப்பைக் கழற்றி ஒரு நிமிஷம் விட்டு மாட்டுங்கள். சிலிண்டரை மெதுவாகத் திறங்கள். அப்புறம் மூடியைத் திறந்துவைத்து முன் பர்னரை முதலில் பற்றவையுங்கள். அதிலிருந்துதான் குறுக்குக் குழாய் வழியாக மற்ற இரண்டுக்கும் தீ போகும்.

வீட்டு எரிவாயுக்கு இருந்த கிரில்லில் சிலிண்டரை மாட்டலாமா?

அப்படியே மாட்டக் கூடாது. குழாயில் வரும் இயற்கை எரிவாயுவைவிட புரொப்பேனுக்கு, அதே கன அளவில், சுமார் இரண்டரை மடங்கு வெப்பம். அதனால் இயற்கை எரிவாயு வால்வின் துளை பெரிதாக இருக்கும். அதில் புரொப்பேனை விட்டால் சுவாலை பெட்டியைத் தாண்டி எழும். வால்வின் மூக்கும் ரெகுலேட்டரும் சேர்ந்து மாற வேண்டும். பழைய மாடலுக்கு முழு வால்வுத் தொகுப்பையே மாற்றுவது நல்லது. சந்தேகம் இருந்தால் உரிமம் பெற்ற கேஸ் பிளம்பர்.

கம்பித் தட்டு எது நல்லது?

எனக்குத் தடித்த எவர்சில்வர் கம்பி. விலை அதிகம், ஆனால் ஒருமுறை வாங்கினால் போதும். விற்பனையில் எவர்சில்வர் என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பாதீர்கள், 304 வகையா என்று கேளுங்கள். காந்தம் பலமாக ஒட்டினால் அது மலிவான வகை.

வார்ப்பிரும்புத் தட்டும் நல்லதுதான், பீங்கான் பூச்சு இல்லாததாக இருந்தால். நம் வீட்டில் தோசைக்கல்லை எப்படிப் பழக்குகிறோமோ அதேதான்: கழுவி, நன்றாகக் காயவைத்து, எண்ணெயை மெல்லியதாகத் தடவி, புகை அடங்கும்வரை சூடாக்கி, ஆறவைத்து, மறுபடி. மூன்று சுற்று போனால் மீன்கூட ஒட்டாமல் வரும். தோசைக்கல்லைப் பராமரிக்கத் தெரிந்த ஒருவருக்கு இந்தத் தட்டில் புதிதாகக் கற்க எதுவுமில்லை. ஒரே வித்தியாசம், இது வெளியே பனியில் நிற்கிறது. குளிர்காலத்தில் எடுத்து உள்ளே வையுங்கள்.

பழைய ஃபிரிட்ஜின் கம்பித் தட்டை வெட்டிப் போடலாமா என்று ஒருவர் கேட்டார். கூடவே கூடாது. பழையவற்றில் காட்மியம் பூச்சு இருக்கலாம். சூட்டில் அது விஷம்.

கம்பி பிரஷ்ஷால் தேய்க்கலாமா?

தட்டைத் தேய்க்க வேண்டாம். உதிர்ந்த கம்பி இறைச்சியில் ஒட்டி வயிற்றுக்குள் போனவர்களுக்கு அறுவை சிகிச்சை வரை போயிருக்கிறது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2012-ல் இதைப் பற்றி எச்சரித்தது. பாதி வெங்காயத்தை முள்கரண்டியில் குத்தித் தேயுங்கள், அல்லது மரச் சுரண்டி.

சேகரிக்கிறவர்கள் எதைத் தேடுகிறார்கள்?

முதல் ஜெனிசிஸ் வரிசை, அப்புறம் 1000 முதல் 5000 வரை எண் போட்ட மாடல்கள். சிவப்பு மூடிக்குத் தனி மவுசு. பக்கவாட்டு மரச் சட்டங்கள் மாறாமல் இருந்தால் இன்னும் மதிப்பு. கையேடு, மூடியில் சொருகும் பழைய வெப்பமானி, பெயர்த் தகடு, இவற்றைத் தனியாகவே வாங்குகிறவர்கள் உண்டு.

என் கருத்து, எரியாத கிரில்லைச் சேர்ப்பதில் பாதி சுகம் போய்விடுகிறது. மரம் உளுத்திருந்தால் புதுக் கட்டை போடுங்கள். நான் தேக்கு போட்டேன். பழைய சட்டங்களை அளவெடுத்து, அதே அகலத்தில் அறுத்து, உப்புத்தாள் போட்டு, எண்ணெய் தடவி. பழைய சட்டங்களைக் கட்டி வைத்திருக்கிறேன், என்றைக்காவது ஒருவர் அச்சு அசலாக வேண்டும் என்று வந்தால் கொடுக்க.

ஊருக்குத் திரும்பும்போது எடுத்துப் போகலாமா?

ஆசையாக இருக்கும், தெரியும். கன்டெய்னரில் இடம் இருந்தால் உடம்பை ஏற்றலாம். ஆனால் நம் ஊர் 14.2 கிலோ சிலிண்டரின் வால்வு இந்த ரெகுலேட்டருக்குப் பொருந்தாது. உள்ளே இருப்பதும் சுத்தப் புரொப்பேன் இல்லை, பியூட்டேன் கலந்தது. சுவாலையின் தன்மை மாறும். வீட்டு சிலிண்டரில் தானாக எதையாவது இணைக்காமல், கேஸ் அடுப்பு வேலை தெரிந்தவரை வைத்து வால்வு மூக்கிலிருந்து எல்லாவற்றையும் அங்குள்ள பொருளால் மாற்றினால்தான் பற்றவைக்கலாம். அந்தச் செலவுக்கு நண்பர் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போவது நல்லது என்பேன்.

புதுப்பித்த கிரில்லில் முதலில் என்ன செய்ய?

முதலில் வெறுமனே. மூடியை மூடி, மூன்று பர்னரும் முழுத் தீயில், முக்கால் மணி நேரம். பெயிண்ட் இறுகும், புதுப் பட்டைகளின் எண்ணெய் எரியும், நாற்றம் வரும், போய்விடும். கூடவே நில்லுங்கள்.

ஆறியதும் மறுபடி பற்றவைத்து, இரண்டு பெரிய கத்தரிக்காய். எண்ணெய் தடவி, நாலு இடத்தில் குத்தி, நேராகத் தட்டின் மேல். தோல் கருகி உள்ளே குழைய இருபது நிமிஷம் ஆகும். எந்தப் பக்கம் சீக்கிரம் கருகுகிறது என்று பார்த்தாலே எந்தப் பர்னர் அதிகம் எரிகிறது என்று தெரிந்துவிடும். தோலை உரித்துப் பிசைந்து, புளி, பச்சை மிளகாய், சின்ன வெங்காயம், கடுகு தாளித்துக் கொட்டினால் கொத்சு தயார். காம்பை மட்டும் முன்கூட்டியே கிள்ளிவிடாதீர்கள், திருப்பும்போது பிடிக்க அதுதான் வேண்டும்.